குளோரின் கணக்கு

நீரேற்று நிலையம்,
மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் நலம்தானா என்று கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் என் தங்கைதான் எடுத்தாள். "அவரு குளிக்கிறாருண்ணே" என்றாள். ஒரே நாளில் நான்கு தடவை குளிக்கிற மனிதர் அந்த ஊரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இங்கிருந்து நான் ஏற்றி அனுப்பும் தண்ணீர்தான் உங்கள் பாத்ரூம் குழாயில் வருகிறது என்ற முறையில் எனக்கு அதில் பெருமைதான்.

கோபம் தெரிகிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆனதற்கு உங்கள் வீட்டில் சாப்பிட்டோமே, அன்றைய கோபம். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன், உண்மை. உங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஆவலாகக் கேட்டார், காட்டினேன். நீங்கள் அவரிடம் வயிற்று ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக எல்லோர் முன்னாலும் "இந்தாங்க, உங்க கிட்னிய நீங்களே திருப்பி எடுத்துக்கோங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். அதை நான் இன்னும் விழுங்கவில்லை. இருக்கட்டும்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். மாத்திரை டப்பாவில் காலைக்கு இரண்டு, ராத்திரிக்கு இரண்டு என்று இருந்த காப்ஸ்யூல் இப்போது ஒன்று ஒன்றாகக் குறைந்துவிட்டதாகத் தங்கை சொல்கிறாள். ஏன் என்று கேட்டால் "டாக்டர் மாத்தினாங்க, உனக்குச் சொன்னா புரியாது" என்றீர்களாம். மாப்பிள்ளை, கால் வீங்கியபோது ஒரு அளவு பெரிய ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு, பழைய ஷூ கடிக்கிறது என்று மாதக்கணக்கில் வீட்டாரை ஏமாற்றியவர் நீங்கள். உங்கள் வார்த்தையை அவள் எப்படி நம்புவாள்?

டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் விரலை ஆட்டிச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "ஒரு வேளை மாத்திரை விட்டாலும் உடம்பு கிட்னிய வெளியாளுன்னு கண்டுபிடிச்சிடும்." நான் உங்களுக்கு என் வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கொடுத்திருக்கிறேன். முதலில் தங்கை, பிறகு கிட்னி. இரண்டு பேரையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒன்றை வைத்துக் காலம் தள்ளும்
மச்சான்


வீடு,
மார்ச் 11

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை. உங்களோடு பேச விருப்பமில்லாமல் இருந்தேன். இன்னும் அப்படித்தான் இருக்கிறேன். பதில் எழுதாவிட்டால் நேரில் கிளம்பி வந்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்கு விருந்துக்குப் பின் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முதலாளி நல்லவர். மறுநாளே கூப்பிட்டு, "இவ்வளவு பெரிய ஆபரேஷனா, நீங்க இனிமே ரோட்டுக்குப் போக வேணாம்" என்று அன்போடு சொல்லிவிட்டார். பதினாறு வருடம் ஓடும் ரோட்டில் கற்றுக்கொடுத்தவன் இப்போது ஸ்கூலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவில், வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் மாஸ்க் போட்டிருப்பதால், தங்கள் வாய் நாற்றத்துக்காகத்தான் என்று நினைத்துக் கற்க வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதெல்லாம் உங்கள் சட்டை மேலே ஏறியதால் வந்தது.

மருந்து விஷயம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஒரு வைரஸ் இருப்பது தெரிந்தது. பி.கே. வைரஸ் என்று பெயர். அது முதலில் எந்த நோயாளியிடம் கிடைத்ததோ அவருடைய பெயரின் முதலெழுத்துகளாம். பாவம், அந்த ஆள் போன பிறகும் அவர் பெயரில் கிருமி நடமாடுகிறது. எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒன்றும் இல்லை. கிருமி இருப்பதால் மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்க நான் டாக்டர் இல்லை.

உங்கள் தங்கையிடம் கிருமி என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அவள் கைப்பிடியையெல்லாம் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

தங்கள்,
மாப்பிள்ளை


நீரேற்று நிலையம்,
மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

எனக்கே காது குத்துகிறீர்களா?

நான் டாக்டர் இல்லைதான். ஆனால் கிருமிக்கும் மருந்துக்கும் என்ன உறவு என்று உங்கள் டிரைவிங் ஸ்கூலில் யாருக்கும் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். என் மேசைக்கு இடப்பக்கம் குளோரின் சிலிண்டர், வலப்பக்கம் அளவு திருகும் வால்வு. மழைக்காலத்தில் ஆற்றில் சேறு வந்து சாம்பிளில் கிருமி தெரிந்தால் நான் வால்வைத் திறப்பேன். கிருமி போனால் குறைப்பேன். கிருமி வந்திருக்கிறது, அதனால் மருந்தைக் குறைத்துவிட்டேன் என்று நான் மேலதிகாரியிடம் சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்.

நீங்கள் சொல்கிற கதைக்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரிகிறது. மாத்திரை சாப்பிட்டுச் சலித்துவிட்டது. கை நடுங்குகிறது, முடி கொட்டுகிறது என்று போன வருடமே புலம்பினீர்கள். மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற வெறுப்பு வேறு. அந்த வெறுப்பை மாத்திரை மேல் காட்டுகிறீர்கள். என் மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கும் அதில் இருக்கலாம். டாக்டர் மேல் பழியைப் போட்டு, கிருமி என்று பூசி மெழுகுகிறீர்கள்.

கோபம் என் மேல் என்றால் என்னோடு பேசாமல் இருங்கள், அது போதும். அந்தக் கிட்னி என்ன பாவம் செய்தது? நாற்பத்தாறு வருடம் என்னோடு இருந்தது. ஒரு நாள் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை.

அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. என்னால் ஆனதை நான் செய்துகொள்கிறேன்.

மச்சான்


வீடு,
ஏப்ரல் 20

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் போன கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதக் காரணம் வந்துவிட்டது.

ஒரு மாதத்துக்கு மேல் மருந்தைப் பாதியாகச் சாப்பிட்ட பிறகு ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அப்படியும் சில சமயம் நடக்குமாம். ஆனால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்பதையும் கூடவே பார்ப்பார்கள். பாதியாகக் குறைத்த மருந்து ரத்தத்திலும் குறைய வேண்டும் அல்லவா? பழைய அளவிலேயே நிற்கிறது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நிஜமாவே குறைச்சீங்களா சார்?"

"குறைச்சேன் டாக்டர்."

"இது வேற மாதிரி சொல்லுதே."

நான் தினமும் கற்க வருகிறவர்களிடம் "பிரேக்கை மிதிச்சீங்களா?" என்று கேட்கிறவன். "மிதிச்சேன் சார்" என்பார்கள், வண்டி கூம்பில் ஏறி நிற்கும். நான் கூம்பைப் பார்ப்பேன். டாக்டரம்மா அந்த மாதிரி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

உங்கள் குளோரின் கணக்குக்கு வருகிறேன். போன கடிதத்தில் விளக்காமல் விட்டது என் திமிர். நான் சாப்பிடும் அந்தக் காப்ஸ்யூல் கிருமியைக் கொல்வதில்லை மச்சான். அது என் உடம்பில் இருக்கும் காவல்காரர்களைக் கட்டிப்போடுகிறது. கட்டாவிட்டால் அவர்கள் உங்கள் கிட்னியை வெளியாள் என்று அடித்துவிடுவார்கள். கட்டிப்போட்டால் கிட்னி பிழைக்கும், ஆனால் கிருமி தலையெடுத்தால் விரட்டவும் ஆளில்லை. இந்த வைரஸுக்கென்று நம்பிக்கையான மருந்து கிடையாதாம். கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, காவல்காரர்களையே அதை விரட்ட விட வேண்டும். ரொம்பத் தளர்த்தினால் கிட்னியைக் கடிப்பார்கள். தளர்த்தாவிட்டால் வைரஸ் கிட்னியைத் தின்றுவிடும். மேட்டில் நிற்கும் வண்டியில் கிளட்சை விடுகிற மாதிரி, பார்த்துப் பார்த்து விட வேண்டும். அதனால்தான் குறைத்தார்கள்.

கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினினும் ஏற ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வாரம் ஊசி விட்டு, கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். மருந்தை இன்னும் குறைப்பதா வேண்டாமா என்று டாக்டரம்மாவுக்கே குழப்பம். நான் பொய் சொல்கிறேன் என்றால் ஒரு வழி, உண்மை சொல்கிறேன் என்றால் வேறு வழி.

எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரையை வாயில் போடும்போது வாய்விட்டு எண்ணுகிறேன். நாக்கும் கெட்டுவிட்டது. ஒரு மாதமாக ராத்திரிப் பாலில் மருந்து வாடை அடிக்கிறது. வேறு கம்பெனிப் பால் வாங்கச் சொன்னேன். மாற்றிவிட்டேன் என்றாள் உங்கள் தங்கை. அதே வாடை.

பயமாக இருக்கிறது மச்சான். மறுபடியும் அந்த டயாலிசிஸ் நாற்காலி, கையில் இரண்டு குழாய், கூரையில் அதே மின்விசிறி. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

தங்கள்,
மாப்பிள்ளை


நீரேற்று நிலையம்,
ஏப்ரல் 24

மாப்பிள்ளை,

இந்தக் கடிதம் வருவதற்குள் தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். உங்கள் கடிதத்தை வாட்டர் டேங்க் படியில் நின்று படித்தேன். பால் என்ற வரி வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் டூட்டி போனில் தங்கையைக் கூப்பிட்டேன். அதில் சொந்த விஷயம் பேசக் கூடாது என்று பலகையே மாட்டியிருக்கிறது. பேசிவிட்டேன்.

இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும். அவளாகச் செய்யவில்லை. நான்தான் சொன்னேன். பழைய சீட்டில் வாங்கிய காப்ஸ்யூல் அலமாரியில் மிச்சம் இருந்தது. நீங்கள் குறைத்த இரண்டையும் பிரித்து ராத்திரிப் பாலில் கொட்டிக் கலக்கச் சொன்னேன். "அவருக்குத் தெரிஞ்சா?" என்றாள். "தெரியாம பண்ணு. அவரு உயிர்தான் முக்கியம், ரோஷம் அப்புறம்" என்றேன். இன்று நிறுத்தியாகிவிட்டது.

இருபது வருடமாக வால்வைத் திருப்பியவன் நான். கிருமிக்கு மருந்து கூட்டினேன். அது தண்ணீருக்குச் சரி. உங்களுக்குச் சரியில்லை என்று ஒரு கணம் கூடத் தோன்றவில்லை. கொடுத்த கையாலேயே கெடுக்கப் பார்த்திருக்கிறேன். திட்டுங்கள். போனில் வேண்டுமானாலும் திட்டுங்கள், நேரில் வேண்டுமானாலும்.

அவளைத் திட்ட வேண்டாம்.

மச்சான்


வீடு,
ஏப்ரல் 30

மச்சான்,

உங்கள் போன் வந்த அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது உங்கள் தங்கை பால்கனியில் பூந்தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காலி காப்ஸ்யூல் கூடுகள். குப்பைக் கூடையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று தினமும் செடிக்கடியில் புதைத்திருக்கிறாள்.

கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் அழவில்லை. "ஷூ வாங்கினப்பவும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லித்தானே அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்? இப்பவும் ஒண்ணுமில்லன்னீங்க. நான் எதை நம்பறது?" என்றாள். நான் பிரேக்கை மிதிக்க, நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறீர்கள். வண்டி என்ன ஆகும்?

ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தவன் பேசாமல் இருந்ததும் ஒரு காரணம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் ஊகம் வேறு பக்கம் போனது எனக்கு வசதியாக இருந்தது. மச்சான், அது பெரும்பாலும் கொடுத்த கிட்னியோடு வருவதாம். சின்ன வயதில் எல்லோருக்கும் தொற்றி, தொந்தரவு செய்யாமல் கிட்னியில் தூங்குமாம். உடம்பு திடமாக இருக்கும்வரை எழுந்திருக்காது. என்னைப் போல் காவலைக் கட்டிப்போட்டவனிடம் வந்தால் எழுந்துவிடும். என் விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா.

அதை உங்கள் தங்கையிடம் சொன்னால் உங்களிடம் போகும். உங்களிடம் போனால் நீங்கள் இனி யார் முன்னாலும் சட்டையைத் தூக்க மாட்டீர்கள். அது எனக்கு லாபம்தான். ஆனால் நீங்கள் அந்தத் தழும்பைக் காட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு எதைப் பற்றிப் பேசும்போதும் அந்த முகம் வருவதில்லை. உங்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அதனால் எல்லோரிடமும் பாதி சொன்னேன். பாதி சொன்னதால் யாரும் நம்பவில்லை.

டாக்டரம்மாவிடம் உங்கள் பெயரோ அவள் பெயரோ வரவில்லை. பழக்கதோஷத்தில் நானே பழைய அளவில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவருக்கு வேண்டியது உள்ளே போன அளவு, அந்தக் கணக்கு அவருக்குச் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாளை மறுநாள் துணுக்கு எடுக்கிறார்கள்.

மாப்பிள்ளை


நீரேற்று நிலையம்,
மே 7

மாப்பிள்ளைக்கு,

என்னிடம் இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தது.

முதலில் எழுத வந்தது அதுதான், எழுதிவிட்டேன். பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு அவள் கோபக்காரி என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னால் அண்ணன்காரன் சொல்கிற பதில். சிரிக்கத்தான் எழுதினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வால்வு அறையில் உட்கார்ந்திருந்தேன். வலித்தது மாப்பிள்ளை. எங்கே வலித்தது என்று கேட்டால் இல்லாத இடத்தில்தான் என்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் என்னை எத்தனை பரிசோதனை செய்தார்கள்! ரத்தம், ஸ்கேன், இதயம், மூச்சு. எல்லாவற்றிலும் தேறினேன். "ரொம்ப நல்ல கிட்னி" என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். உள்ளே ஒரு ஆள் படுத்திருந்தது எனக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது.

மனம் கேட்காமல் இங்கே இருக்கிற டாக்டரிடம் போய், எனக்கும் அந்த வைரஸைப் பார்த்து மருந்து கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு அது தூங்குது. தூங்கட்டும், விடுங்க. எனக்கும் இருக்கும், வெளியில உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் இருக்கும்" என்றார். கொடுத்தவர் யாரும் தெரிந்து கொடுப்பதில்லை, அதற்காகக் கொடுக்காமல் விடுவதும் இல்லை என்றார். அதைக் கேட்டுத் திரும்பி வந்தேன். கொஞ்சம் ஆறுதல். முழு ஆறுதல் இல்லை.

பாதி சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் எப்போதும் இரண்டு மடங்காகச் சொல்கிறவன். உங்கள் வீட்டு மேசையில் நான் பேசியதெல்லாம் எனக்காகப் பேசியது. உங்களுக்கு அங்கே உட்கார இடமே விடவில்லை. இப்போது அது புரிகிறது.

துணுக்கு எடுத்தார்களே, என்ன சொன்னார்கள்? தங்கை போனில் அழுதாள், ஒன்றும் விளங்கவில்லை. நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுதுங்கள். கெட்டது என்றாலும் முழுதாக எழுதுங்கள்.

மச்சான்


வீடு,
ஜூலை 12

மச்சான்,

ஒரு வரி மே மாதமே உங்கள் தங்கை போனில் சொல்லிவிட்டாள். முழுதாக எழுத, முழுதாகத் தெரியும்வரை காத்திருந்தேன்.

வைரஸ் கிட்னிக்குள் இறங்கியிருந்தது. ஒரு பகுதி தழும்பாகிவிட்டது. அது திரும்பாது. காவல்காரர்கள் கிட்னியை அடித்த அடையாளம் இல்லை, அது நல்ல சேதி. அதனால் மருந்தை நிஜமாகவே குறைத்தார்கள். மே மாத ரத்தத்தில் வைரஸ் பாதியாக இறங்கியது. ஜூனில் இன்னும் இறங்கியது. போன வாரம் எடுத்ததில் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கிரியேட்டினின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் மேலே ஒரு எண்ணில் வந்து நின்றுவிட்டது. "போனது போனதுதான். மீதியைக் காப்பாத்திக்கலாம்" என்றார் டாக்டரம்மா. மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும். காவல்காரர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று அவருக்கும் முழு நிச்சயம் இல்லை. ஆனால் நாற்காலிக்குப் போக வேண்டியதில்லை. இப்போதைக்கு இல்லை.

அந்த ஒரு மாதம் பழைய அளவில் மருந்து போகாமல் இருந்திருந்தால் தழும்பு சின்னதாக இருந்திருக்குமா என்று கேட்டேன். "இருந்திருக்கலாம்" என்றார். அதை உங்களிடம் மறைக்க நினைத்தேன். முழுதாக எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். நான் மார்ச்சிலேயே முழுதாகச் சொல்லியிருந்தாலும் சின்னதாக இருந்திருக்கும். நம் இரண்டு பேர் கைவரிசையும் அதில் இருக்கிறது.

இனி எனக்குக் கிடைத்த தண்டனை. மருந்தைத் தப்பாகச் சாப்பிட்டவன் என்று பதிவாகிவிட்டதால், புதிதாகக் கிட்னி வைத்துக்கொண்டவர்களுக்கு நர்ஸ் நடத்தும் வகுப்பில் என்னையும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அதே நர்ஸ், அதே விரல். "சாரைப் பாருங்க. ஒரு வருஷம் கழிச்சு, எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டாரு" என்று என்னைப் பாடமாகக் காட்டினார். பதினாறு வருடம் வகுப்பெடுத்தவன் கடைசி பெஞ்சில் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். யார் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டுமாம். ஒருவர் அம்மா என்றார். ஒரு பெண் கணவர் என்றாள். இன்னொருவர், விபத்தில் போன யாரோ, பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். என் முறை வந்தது. இதுவரை எங்கே யார் கேட்டாலும் நான் "சொந்தத்துல ஒருத்தர்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். கடன்பட்ட மாதிரி இருக்கும், அதனால்.

"என் மச்சான்" என்றேன். "தண்ணி ஏத்துற இடத்துல வேலை. நான் கேட்கவே இல்லை. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தவரு, அவ கண்ணைக் கசக்கறதைப் பார்த்துட்டு அன்னைக்கே பஸ் ஏறி வந்துட்டாரு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. நீங்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸிடம் இடதா வலதா என்று பேரம் பேசியது, மயக்கம் தெளிந்ததும் முதலில் தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டு "குளோரின் கம்மி" என்று சொன்னது, எல்லாம் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நர்ஸ் மணியைப் பார்த்தார். இது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது. யாரென்றே தெரியாத பதினோரு பேரிடம் முதலில் சொல்லிவிட்டேன்.

முதலாளியிடமும் முழுதாகப் பேசினேன். காலை வேளையில், கூட்டமில்லாத ரோட்டில், ஒரே ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுக்கலாம் என்றிருக்கிறார். நேற்று ஒரு பெண்மணியை ரோட்டில் இறக்கினேன். பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "என்ன சார் பண்ணணும்?" என்றார். கிளட்சை மெதுவாக விடுங்கள் என்றேன்.

மாப்பிள்ளை


நீரேற்று நிலையம்,
ஜூலை 17

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "இருந்திருக்கலாம்" என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றேன். எழுதியது நல்லதுதான். அது என் பங்கு, நான் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு சம்பவம். திங்கட்கிழமை புதிய இன்ஜினியர் சோதனைக்கு வந்திருந்தார். இரண்டாம் நம்பர் பம்பில் வாஷர் பிய்த்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் தண்ணீர் நனைத்துவிட்டது. ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது, இவ்வளவு பெரிய தழும்பு?"

பக்கத்தில், சிலிண்டர் கொண்டுவரும் லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கதையை ஒன்பது தடவை கேட்டவர். முகத்தைத் தயார் செய்துகொண்டு, தப்பிக்க வழியில்லாமல் அங்கேயே சாய்ந்து நின்றார்.

"கல்லு சார். எடுத்துட்டாங்க" என்றேன்.

இன்ஜினியர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். டிரைவர் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "உடம்புக்கு ஏதும் சரியில்லையாண்ணே?" என்றார்.

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. வெட்கத்தால் மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர் சொல்லத் தொடங்கிவிட்டார், எனக்கு இனி அவசரமில்லை என்று தோன்றியது. சட்டையைப் போட்டுக்கொண்டு போய் வாஷரை மாற்றினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நீங்கள் குளிக்காமல் இருந்தால் சந்திக்கலாம். தங்கையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வந்ததும் வராததுமாக எனக்குப் பால் காய்ச்ச வேண்டாம். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் போதும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மச்சான்